‘நொடிக்கு 5 சென்டிமீட்டர்’: அசைவு என்னும் அவலம்

காதல் நிறைவேறாது கழிதலைப் பொருளாகக் கொண்ட படைப்புக்கள் எல்லா நாட்டினும் உள. அவற்றுட் பல சாவில் முடிகின்றன. ஜப்பானிய நாடகப் புலவர் சிக்கமட்சு மொன்சாயெமோன் 1703-இல் அரங்கேற்றிய சொனெசாகி நாடகத்தில், இவ்வுலகில் ஒன்றுகூட வழி காணாத காதலர் இருவர் ஒருங்கே உயிர் துறக்கின்றனர். அங்கே பணமுடை உண்டு, நண்பன் வடிவில் வஞ்சகன் உண்டு, குடிக்கடமை உண்டு. காண்போர் கண்ணீர் சொரிதற்குக் காரணம் வெளிப்படை. அந்நாட்டிலேயே மகோதோ ஷின்காய் இயக்கி 2007-இல் வெளிவந்த ‘நொடிக்கு 5 சென்டிமீட்டர்’ என்னும் இயங்கோவியப் படத்திலோ சாவில்லை, பகைவர் இல்லை, காதலைத் தடுப்பார் ஒருவரும் இல்லை. எனினும், ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஓடும் அப்படம் காண்போர் நெஞ்சைக் கனக்கச் செய்துவிடுகிறது. இத்துயரம் எவ்வகையின்பாற் படும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

கதை மிகச் சிறிது. தோக்கியோவில் தொடக்கப் பள்ளியில் உடன் பயின்ற தகாகியும் அகாரியும் பள்ளி முடிந்ததும் பிரிகின்றனர். அகாரியின் குடும்பம் தொச்சிகிப் பகுதிக்குக் குடிபெயர்கிறது. மடல்கள் இருவரையும் பிணைக்கின்றன. பின்னர்த் தகாகியும் தெற்கே நெடுந்தொலைவிலுள்ள ககோஷிமாவுக்குச் செல்ல நேர்கிறது. அதற்குமுன் ஒருமுறை காண விரும்பி அவன் தொடர்வண்டி ஏறுகிறான். இரவு 7 மணிக்கு இவாபுனே நிலையத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. பனிப்பொழிவால் வண்டிகள் தடைப்பட, 11 மணிக்குமேல் அவன் சென்று சேர்கிறான். அவளோ காத்திருக்கிறாள். அடுத்த பகுதியில் தகாகி தனெகஷிமாத் தீவில் பயில்கிறான். அவனை விரும்பும் கனாயே தன் காதலைச் சொல்லாமலே அமைகிறாள். இறுதிப் பகுதியில் அவன் தோக்கியோவில் பணிபுரிந்து, மனம் சலித்து, பணியைத் துறக்கிறான். அகாரி பிறனொருவனை மணக்க இருக்கிறாள்.

அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுக்கின்றது. முன்னிருந்த நன்னிலை கெட்டு வேறொரு நிலை எய்தி வருந்துதலே அசைவு எனப் பேராசிரியர் விளக்குவர். இப்படத்தின் துயரம் இழவு அன்று, அசைவே என்பது எம் கருத்து. காதலியை இழந்தான் ஆகலின் இஃது இழவே எனின், அற்றன்று. இழவுக்கு ஒரு நாள் உண்டு. இன்ன பொழுதில் இன்னது போயிற்று என்று சுட்டலாம். இங்கோ அத்தகைய நாளே இல்லை. மடல்கள் அரிதாகிப் பின் நின்றன. அவளை எவரும் கவர்ந்திலர். மாறியவன் அவனே, மாறுங்கால் அதனை அவன் அறிந்தானும் அல்லன்.

இவ்வுண்மையை இயக்குநர் உரையாடலால் அன்றிப் பொருள்களால் உணர்த்துகிறார். தகாகி தன் உள்ளத்தையெல்லாம் எழுதிக் கொணர்ந்த மடலை வழியில் நடைமேடையில் காற்று அடித்துச் செல்கிறது. அகாரியும் ஒரு மடல் எழுதி வைத்திருந்தாள், கொடுத்திலள். பனி மூடிய செர்ரி மரத்தடியில் முத்தமிட்ட அக்கணத்திலேயே, இனி என்றும் கூடியிருத்தல் இயலாது என அவன் உணர்கிறான். கூடலினுள்ளேயே பிரிவு தோன்றிவிட்டது.

படப்பெயரும் இதற்கு இயைபுடையது. செர்ரி இதழ் வீழும் விரைவு நொடிக்கு 5 சென்டிமீட்டர் என்று சிறுமியாகிய அகாரி சொல்கிறாள். தீவில் ராக்கெட்டை ஏற்றிச் செல்லும் ஊர்தி மணிக்கு 5 கிலோமீட்டர் ஊர்கிறது. இவ்விரைவுகள் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றா. ஆயின் காலம் செல்லச் செல்ல அளவிறந்த தொலைவாகின்றன. அசைவின் இயல்பும் இதுவே. ஓவியப் படத்தில் தற்செயலாக ஒன்றும் புகுவதில்லை. வரையப்படாதது அங்கு இல்லை. நின்றுவிட்ட வண்டியும், நிலையக் கடிகாரமும், திறந்த கதவின் வழிப் புகும் குளிரும் மாந்தர் முகங்களினும் நுண்ணிதாகத் தீட்டப்பட்டிருத்தல் கருதத்தக்கது. முகம் சொல்லாத துயரை இடமும் பொழுதும் சொல்கின்றன.

குறையும் உண்டு. இறுதிப் பகுதி மிகச் சுருங்கியது. 1997-இல் வெளிவந்த யமசாகி மசயோஷியின் பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டு, காட்சிகளை விரைந்து அடுக்கி, ஆண்டுகளின் சுமையை இசையின் தோள்மேல் ஏற்றிவிடுகிறார் இயக்குநர். மூன்றாண்டுகள் தகாகியுடன் பழகிய மிசுனோ, ஆயிரம் செய்திகள் பரிமாறியும் தம் உள்ளங்கள் ஒரு சென்டிமீட்டரே நெருங்கின என்று எழுதுகிறாள். அவளது அவலம் தலைவனுடையதினும் குறைந்ததன்று. ஆயினும் அதற்குப் படத்தில் உரிய இடம் இல்லை. ஒருவனது அசைவு பிறர்க்கு விளைக்கும் துன்பத்தைப் படம் தொட்டுக்காட்டி விலகிவிடுகிறது.

எனினும் முடிவு இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. சிறு வயதில் தண்டவாளக் கடவையில் அகாரி முந்தி ஓடுகிறாள். வண்டி கடந்தபின் அப்பால் நிற்கிறாள். பல்லாண்டு கழித்து அதே கடவையில் இருவரும் எதிரெதிராகக் கடக்கின்றனர், வண்டிகள் மறைக்கின்றன, அவை கடந்தபின் அப்பால் ஒருவரும் இல்லை. தகாகி சிறிதே முறுவலித்து நடக்கிறான். காட்சி ஒன்றே, நிலை வேறு. வேறாயினமையை அவன் அறியும் இடம் அது.

இழவுற்றார்க்குப் பிறர் ஆறுதல் கூறலாம். அசைவுற்றான் தன் நிலையைத் தானே கண்டுகொள்ளல் வேண்டும். அதுவரை அவன் துயர்க்கு அவனிடத்தும் பெயர் இல்லை. படம் கண்டோர் உள்ளம் நெகிழ்வதும் இதனாலேயே. காதலரின் பிரிவிற்காக மட்டும் அவர்கள் வருந்துவதில்லை. தம்மையறியாது தாமும் எதனினின்றோ இவ்வாறு விலகியிருத்தலை உணர்ந்தே வருந்துகின்றனர். மெய்ப்பாட்டியல் பழம்பாட்டிற்கே உரியது எனக் கருதுவார், அசைவு என்னும் இவ்வொரு சொல்லைக் கைக்கொண்டு இப்படத்தைக் காண்பாராக.