எர்த் எடுக்காத வண்டி

சிக்னலைப் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டுகிற வேன் ஒன்று பலாங்கொடை டவுனுக்குள் வந்தால், அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இரண்டு வகை. வண்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிரிப்பவர்கள் பெரும்பான்மை. எந்தப் பக்கத்து லாம்பில் எர்த் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்து சிரிப்பவர்கள் கொஞ்சப் பேர். அந்தக் கொஞ்சப் பேருக்கு இந்தக் கோளாறு கண்ணுக்கு விருந்து.

ஏனென்றால் அந்தச் சிமிட்டலில் பைத்தியம் எதுவும் இல்லை. சிக்னல் பல்பின் 21 வாட் இழையைத் தாண்டி வந்த மின்சாரத்துக்கு அந்த லாம்பில் எர்த், அதாவது வண்டியின் பொடி வழியாகப் பெட்டரிக்குத் திரும்பும் பாதை, கிடைக்கவில்லை. அதே தகட்டில் உட்கார்ந்திருக்கும் 5 வாட் பார்க் இழைக்குள் பின்பக்கமாக நுழைகிறது. அங்கிருந்து பார்க் லைட் வயரைப் பிடித்து வண்டியின் குறுக்கே ஓடி, மறுபக்கத்து லாம்பையும் நம்பர் பிளேட் பல்பையும் மங்கலாக எரியவைத்து, அங்கே ஒழுங்காக இருக்கும் எர்த்தில் இறங்கிவிடுகிறது. கோளாறு இடப்பக்கம், கூத்து வலப்பக்கம். விஷயம் புரியாதவர் நல்ல லாம்பைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கி மாட்டுவார். கூத்து நிற்காது.

கருவிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஸ்கேனர், டிஜிட்டல் மீட்டர், ஒசிலோஸ்கோப் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பழைய வயரிங் பாஸ்மாரின் செல்லப்பிள்ளை 21 வாட் டெஸ்ட் லாம்ப்தான். ஹோல்டர்கூட வேண்டாம். சிக்னல் பல்ப் ஒன்றின் பித்தளைத் தொப்பியில் ஒரு வயர், அடியில் உள்ள ஈயப் பொட்டில் ஒரு வயர், முனைகளில் இரண்டு கவ்வி. ஒரு கவ்வியைப் பெட்டரியின் பிளஸ்ஸில் மாட்டியாகிவிட்டது. மறுமுனையை முதலில் பெட்டரி மைனஸில் தொட்டு, அந்த வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அதே முனை சந்தேகப்படுகிற எர்த்துக்குப் போகும். இரண்டு வெளிச்சமும் ஒன்றாக இருந்தால் அந்த எர்த் மேல் பழி இல்லை. வெள்ளை வெளிச்சம் மஞ்சளாக மாறினால், மஞ்சள் இழுத்துச் சிவப்பானால், அந்தப் போல்டுக்கும் பெட்டரிக்கும் நடுவில் எங்கோ களிம்பு ஏறியிருக்கிறது. இரத்தினபுரிக் கல் வியாபாரி நீலக்கல்லைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்ப்பதைப் போன்ற வேலை இது. வித்தியாசத்தைக் கண் பிடிக்க வேண்டும்.

அழகு அந்த 21 வாட்டில்தான் இருக்கிறது. அது கிட்டத்தட்ட 1.75 அம்பியர் கேட்கிறது. வயரில் 3 ஓம் தடை வந்துவிட்டால் பல்புக்குப் பாதி வலுக்கூடக் கிடைக்காது. உடனே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது பேனா மாதிரிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரிகிற எல்இடி டெஸ்டர்களுக்குச் சில மில்லி அம்பியர் போதும். வயருக்குள் ஒரே ஒரு செம்புத் தும்பு மிஞ்சியிருந்தாலும் பளிச்சென்று எரிந்து, எல்லாம் சரி என்று பொய் சொல்லும். மீட்டரை ஓமில் வைத்துப் பார்ப்பதும் இதே பொய்தான். மீட்டர் அனுப்புகிற மின்சாரம் அத்தனை சொற்பம். பளு ஏறாத வரைக்கும் எல்லா வயரும் நல்ல வயர்தான்.

டெஸ்ட் லாம்புக்கு ஒரு கட்சி எதிர்ப்புச் சொல்கிறது. பல்பைக் கொண்டு கம்பியூட்டர் வயரைத் தொட்டால் கம்பியூட்டரே போய்விடும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம். சென்சர் வயர்களில் டெஸ்ட் லாம்புக்கு வேலை இல்லை. மஞ்சள் உறை போட்டு வரும் ஏர்பேக் வயர்களின் பக்கமே போகக் கூடாது. ஆனால் பின்லைட்டுக்கும் ஹோர்னுக்கும் வைப்பர் மோட்டருக்கும் அந்தப் பயத்தைக் காட்டுவது, வேலை தெரியாததை மறைக்கிற சாக்கு.

பல்புக்கும் எல்லை உண்டு என்பதை அதன் ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். எஞ்சினுக்கும் பொடிக்கும் நடுவில் இருக்கிறதே, பின்னல் போட்ட தட்டை எர்த், அதை 1.75 அம்பியரால் அசைக்க முடியாது. ஸ்டார்ட்டர் மோட்டர் 100, 150 அம்பியர் இழுக்கும் இடம் அது. வெறும் 0.02 ஓம் தடை, 150 அம்பியர் ஓடும்போது 3 வோல்ட்டைத் தின்றுவிடும். சாதாரண மீட்டர் ஓமில் 0.02ஐக் காட்டவே காட்டாது. அதன் புரோப் வயர்களின் தடையே அதைவிடப் பல மடங்கு. அங்கேதான் இந்தக் கலையின் மிக நேர்த்தியான கட்டம் வருகிறது.

"பாஸ், போன மாசந்தான் புது பெட்டரி போட்டேன். டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"பெட்டரிய விடுங்க தம்பி. உள்ள ஏறி செல்ஃப் அடிங்க."

மீட்டர் வோல்ட்டில் இருக்கிறது. ஒரு முனை பெட்டரி மைனஸின் ஈயக் குமிழில் – கிளாம்பில் வைக்கக் கூடாது, குமிழிலேயே வைக்க வேண்டும் – மறுமுனை எஞ்சின் பிளொக்கில். செல்ஃப் அடிக்கிற அந்த இரண்டு மூன்று விநாடியில் 0.2, 0.3 வரைக்கும் காட்டினால் மன்னிக்கலாம். 2 காட்டினால் கதை முடிந்தது. அப்புறம் குமிழிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து பொடி, பொடியிலிருந்து பிளொக் என்று ஒவ்வொரு மூட்டாகத் தாண்டிப் போக வேண்டும். காணாமல் போன வோல்ட் எந்த மூட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று மீட்டரே சொல்லிவிடும். எதையும் கழற்றவில்லை, எதையும் வாங்கவில்லை. பெட்டரி, ஸ்டார்ட்டர், ஓல்டர்னேட்டர் என்று வரிசையாக மாற்றிப் பார்க்கிற வைத்தியத்தில் இந்தச் சுகம் கிடைக்குமா?

அந்தப் பின்னல் எர்த் முழுதாக அறுந்துவிட்டால் வேறொரு வேடிக்கை நடக்கும். ஸ்டார்ட்டரின் மின்சாரம் எக்ஸலேட்டர் கேபிளிலும் கியர் கேபிளிலும் ஏறிப் பொடிக்குப் போகும். கேபிள் சூடேறி, பிளாஸ்டிக் உறை உருகி, புகைகூட வரும். கேபிள் இறுகிவிட்டது என்று புதுக் கேபிள் போட்டுக் கொண்டுபோனவருக்கு, சில நாட்களில் அதுவும் இறுகிவிடும்.

பலாங்கொடைப் பக்கம் இந்த ரசனை வளர்ந்ததற்குத் தோட்டங்களின் லேண்ட்ரோவர்களுக்கும் பங்குண்டு. 1948இல் அந்த ஜீப் பிறந்தபோது பிரித்தானியாவில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் பொடிக்கு அலுமினியக் கலவை, அடியில் இரும்புச் சட்டம். லைட் எல்லாம் அலுமினியத்தில் உட்கார்ந்துகொண்டு இரும்பில் எர்த் தேட வேண்டும். அலுமினியமும் இரும்பும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெள்ளை மாவு பூக்கும். இதோடு, 1960களின் பிற்பகுதி வரை வந்தவை பாசிட்டிவ் எர்த். பிற்பாடு வந்த நெகட்டிவ் எர்த்தில் பழகிய கைகள் பெட்டரியை மாற்றி மாட்டிச் சேதம் செய்ததற்கு அதுவே காரணம்.

அந்த வண்டிகளின் மின்சாதனங்கள் பேர்மிங்ஹாமின் லூக்காஸ் கம்பெனியுடையவை. இங்கிலாந்துக்காரர்களே லூக்காஸை 'இருளின் இளவரசர்' என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் பாதிக்குமேல் அநியாயம். லூக்காஸ் மோட்டரும் டைனமோவும் உழைக்கக் கூடியவை. கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்தது ரப்பர் குழாய்க்குள் செருகுகிற அந்தப் புல்லட் கனெக்டரும், துருப்பிடித்த எர்த்தும்தான். புல்லட்டை உருவி, பளபளக்கத் தேய்த்து, குழாயைக் குறட்டால் மெல்ல நெருக்கிவிட்டுச் செருகினால் அதே லைட் எரியும்.

லூக்காஸில் கற்றவர்கள் டொயோட்டாவுக்கு மாறியபோது ஒரு பொறி காத்திருந்தது. லூக்காஸில் கறுப்பு என்றால் எர்த், கண்ணை மூடிக்கொண்டு தொடலாம். டொயோட்டாவில் எர்த்துக்கு வெள்ளையில் கறுப்புக் கோடு. முழுக் கறுப்பு வயரில் பெரும்பாலும் உயிர் ஓடும். கறுப்பைப் பொடியில் முறுக்கிவிட்டு ஃபியூஸ் ஏன் போகிறது என்று தேடியவர்கள் எத்தனையோ பேர்.

இந்தப் பகுதியின் வானமும் பாதையும் இந்தத் தொழிலுக்குச் சோறு போடுகின்றன. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 2003 மே மாதமும் 2017 மே மாதமும் களு கங்கை பெருகியபோது தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு மேட்டு ஊர்களில் விலைபோயின. காப்பெட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர்கள் வேலையைக் காட்ட மாதக்கணக்காகும். செம்புத் தும்புகளின் இடுக்கில் தண்ணீர் தானாகவே ஏறி உறைக்குள் முழக்கணக்கில் போய்விடும். வெளியே பச்சை தெரிவது முனையில்தான், உள்ளே கறுத்திருப்பது எவ்வளவு தூரம் என்று வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்கு மனம் வராதவர்கள்தான் டேப் சுற்றுகிறார்கள்.

மழையாவது கண்ணுக்குத் தெரிகிறது. ராசகலை, பெட்டியாகலப் பக்கத்துத் தோட்டப் பாதைகளின் குலுக்கல் செய்வது தெரியாது. கனெக்டருக்குள் ஆணும் பெண்ணும் மயிரிழையைவிடக் குறைவாக உரசி உரசி, ஈயப் பூச்சு தேய்ந்து, அந்தத் தூளே காப்பாகிவிடுகிறது. பார்த்தால் சுத்தம், அளந்தால் தடை. இது மலையகத்துக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. 2014 மே மாதம் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பெனி செவ்ரொலே மாலிபு முதலான சுமார் 24 இலட்சம் வண்டிகளைத் திருப்பி அழைத்தது. பொடி கம்பியூட்டரின் கனெக்டரில் நுண்ணிய அரிப்பு ஏற்பட்டு, பிரேக் மிதித்தால் லைட் எரியாமலும் மிதிக்காமலே எரிந்தும் தொல்லை கொடுத்தன. பரிகாரம் என்ன தெரியுமா? கனெக்டருக்குள் ஒருவகைக் கிறீஸ்.

வயர் முனைக்கு ஈயம் பற்றவைப்பதா, லக்கை நெரித்து இறுக்குவதா என்பது தீராத வழக்கு. பற்றவைத்த மூட்டு பார்க்க அழகு, வெள்ளி போல மின்னும். ஆனால் ஈயம் தும்புகளுக்குள் ஏறிய இடம் வரைக்கும் வயர் விறைத்துவிடுகிறது. அந்த விறைப்பு முடியும் விளிம்பில் குலுக்கல் வேலைசெய்து, ஒருநாள் முறித்துவிடும். நல்ல நெரிப்பில் தும்புகளும் லக்கும் காற்றுப் புகாதபடி ஒன்றாகிவிடுகின்றன. ஓடுகிற வண்டிக்கு நெரிப்புத்தான். ரேடியோப் பெட்டிக்கு ஈயம் இருக்கட்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் மறுபடி வர 2025 ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடமும் டொல்பின் வேன்களும் பழைய சன்னிகளும் டிமோ பட்டாக்களும் ஓடியே தீர வேண்டும் என்றானது. வயரிங் வேலைக்குப் பொற்காலம் வந்திருக்க வேண்டிய நேரம். வந்தது என்னவோ டேப் காலம். எலாம் பூட்டுகிறவர்களும் கமரா பூட்டுகிறவர்களும் கம்பெனி வயரின் உறையைச் சுரண்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, எர்த்துக்கு டெஷ்போர்டுக்குள் கிடைத்த முதல் ஸ்க்ரூவில் செருகிவிட்டுப் போகிறார்கள். அந்த ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் இருந்தாலும் கவலை இல்லை போலும். பிறகு ஸ்கேனர் பத்துக் கோளாறு காட்டும், பத்துக்கும் சாமான் எழுதிக் கொடுக்கப்படும். பத்தும் ஒரே எர்த்தைப் பகிர்கின்றனவா என்று கேட்க ஆள் இல்லை.

டிங்கரிங் முடிந்து பெயின்ட் கடையிலிருந்து பளபளவென்று வருகிற வண்டிகள் தனிச் சோகம். எர்த் பிடிக்கிற இடத்திலும் அதே பெயின்ட், அதன்மேல் லக், அதன்மேல் போல்ட். இதனால் ஹெட்லைட்டுக்கு 12 வோல்ட்டுக்குப் பதில் 10.5 வோல்ட் போனால் வோல்ட் குறைவது எட்டில் ஒரு பங்குதான், வெளிச்சமோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஹல்துமுல்லையைத் தாண்டி பெரகலை ஏற்றத்தில் மூடுபனி இறங்கும்போது அந்த மூன்றில் ஒரு பங்கின் அருமை தெரியும். சாரதி கூடுதல் வாட் பல்ப் வாங்கிப் போடுவார். அது கூடுதல் அம்பியர் இழுத்து, அதே பெயின்ட் மூட்டில் இன்னும் அதிக வோல்ட்டைப் பறிகொடுக்கும். அரத்தாளால் காசளவு இடத்தை உலோகம் தெரியத் தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கினால் முடிந்தது. கிறீஸை முறுக்குமுன் பூச வேண்டுமா, முறுக்கிய பின்னா என்று இப்போதும் சண்டை பிடிக்கிறார்கள். முறுக்கிய பின், மேலாக, தண்ணீர் இறங்காத அளவுக்கு. பெட்டரிக் குமிழுக்கும் அதேதான், அப்பச்சோடாத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்த பிறகு.