கூற்றும் குழுவும்: 'வார் ரெக்வியம்' இசைப்படைப்பில் ஓவன் கவிதைகள்

ஒருவர் 'நான்' என்று சொன்ன கவிதையைப் பெருங்குழு ஒன்று சேர்ந்து பாடும்போது, பண் எதுவாயினும், கூற்று மாறிவிடுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்றையும் கேட்போரையும் செய்யுள் உறுப்புகளாகவே எண்ணுகிறது. சேர்ந்திசை ஆய்வுகள் சுருதி இணைவைப் பற்றிப் பேசும் அளவுக்கு இவ்விரண்டையும் பேசுவதில்லை. பெஞ்சமின் பிரிட்டனின் 'வார் ரெக்வியம்' இவ்வகையில் நோக்கத்தக்கது.

1940இல் குண்டுவீச்சால் அழிந்த கவன்ட்ரி பேராலயத்தின் அருகே எழுந்த புதிய பேராலயத்தில், 1962 மே 30 அன்று இப்படைப்பு அரங்கேறியது. இறந்தோருக்கான இலத்தீன் மன்றாட்டுடன் வில்ஃபிரட் ஓவனின் ஒன்பது கவிதைகளைப் பிரிட்டன் இணைத்தார். ஓவன் முதல் உலகப் போரின் இறுதி வாரத்தில் களத்தில் மாண்டவர். இலத்தீன் மன்றாட்டைச் சொப்ரானோவும் பெருங்குழுவும் பாடுகின்றனர். தொலைவிலிருந்து ஆர்கனுடன் சிறுவர் குழு பாடுகிறது. ஓவனின் சொற்கள் டெனர், பாரிட்டோன் ஆகிய இரு தனிக்குரல்களுக்கே உரியவை. பெருங்குழு ஓவனின் ஒரு சொல்லையும் பாடுவதில்லை. போர்வீரனின் கூற்றைச் சபையின் கூற்றாக்க மறுத்த இத்தேர்வையே இசையமைப்பாளரின் முதல் வாசிப்பு எனலாம்.

இதன் கூர்மை காணிக்கைப் பகுதியில் வெளிப்படுகிறது. ஆபிரகாமுக்கும் அவன் வழித்தோன்றல்களுக்கும் இறைவன் அளித்த வாக்குறுதியைப் பெருங்குழு ஃபியூக் வடிவில் பாடுகிறது. குரல்வகுப்புகள் ஒரே இசைக்கருவை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் செல்கின்றன. அதைத் தொடர்வது ஆபிரகாம் கதையை ஓவன் திருப்பி எழுதிய கவிதை. இங்கே முதியவன் வானதூதனின் சொல்லைக் கேளாமல் மகனைக் கொல்கிறான். ஐரோப்பாவின் பிள்ளைகளில் பாதிப்பேரையும் கொல்கிறான். அந்த இறுதி அடியை இரு தனிக்குரல்களும் திரும்பத் திரும்பப் பாட, சிறுவர் குழு காணிக்கை மன்றாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது. பலியாவோரின் வயதை ஒட்டிய குரல்களே பலியை ஏற்கும்படி வேண்டுகின்றன! பின்னர் ஃபியூக் தலைகீழாக்கப்பட்ட கருவுடன், மிகத் தாழ்ந்த ஒலியில் மீள்கிறது. வாக்குறுதியின் சொற்கள் மாறவில்லை. கேட்போர்க்கு அவை வேறு பொருள் தருகின்றன.

இறுதிப் பகுதியில் இக்கூர்மை மழுங்குகிறது என்பது என் கருத்து. 'விந்தையான சந்திப்பு' என்னும் கவிதையில், போர்க்களத்திலிருந்து தப்பிச் சுரங்கவழியொன்றில் இறங்கும் வீரன், தான் கொன்ற பகைவனைச் சந்திக்கிறான். தாம் நிற்குமிடம் நரகம் என அவன் உணரும் அடியைப் பிரிட்டன் நீக்கிவிட்டார். நீண்ட கவிதையைச் சுருக்குவது இசையமைப்பாளர்க்கு இயல்பே. ஆயினும் இந்த அடி களனைச் சுட்டுவது. அது நீங்கியபின், இருவரும் உறங்கலாம் என்னும் அழைப்பு தாலாட்டாகிறது. சிறுவர் குழுவும் பெருங்குழுவும் இறந்தோரை விண்ணகம் அழைக்கும் மன்றாட்டுடன் அதில் கலக்கின்றன. பிரிந்திருந்த குழுக்கள் அனைத்தும் ஒன்றுகூடுவது இங்கேதான். நரகத்தைச் சுட்டும் அடி இருந்திருப்பின், இக்கூடலும் காணிக்கைப் பகுதியைப் போல முரணாக ஒலித்திருக்கும்.

பிரிட்டன் முரணை முற்றாகக் கைவிட்டார் என்பதற்கில்லை. படைப்பின் தொடக்கம் முதல் மணிகளில் ஒலிக்கும் ட்ரைடோன், அதாவது ஷட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடைப்பட்ட தொலைவு, இத்தாலாட்டின் இடையே மீண்டும் எழுகிறது. துணைக்கருவி ஏதுமின்றிப் பெருங்குழு பாடும் 'ஆமென்' அந்த இடைவெளியிலிருந்து கடைசிக் கணத்தில் எஃப் மேஜருக்கு நகர்கிறது. அப்போது இரு வீரர்களின் குரல்கள் ஓய்ந்துவிட்டன. பாடுவது சபை மட்டுமே.