கட்டிலருகே ஒரு கோர்ட்டு

நாடகத்தைப் படித்துவிட்டு நாடகத்தைப் பற்றிப் பேசுவது, சமையல் புத்தகத்தைப் படித்துவிட்டு ஏப்பம் விடுகிற மாதிரி என்று என் சிநேகிதர் ஒருவர் கேலி செய்வார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் சீமையில் மேடையேறிய நாடகங்களை என்னைப் போன்றவர்கள் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பிரையன் கிளார்க் என்ற ஆங்கில நாடகாசிரியர் எழுதிய ‘ஹூஸ் லைஃப் இஸ் இட் எனிவே?’ என்ற நாடகம் ஒரு பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது. ‘அது சரி, இது யாருடைய உயிர்?’ என்று வேண்டுமானால் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஒரே மூச்சில் படித்தேன். பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். புத்தகத்தை மூடிய பிறகுதான், சிரித்தது சரிதானா என்ற சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

கதை சின்னக் கதை. கென் ஹாரிஸன் ஒரு சிற்பி. கார் விபத்தில் முதுகுத் தண்டு நொறுங்கிக் கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலற்றுப் போய்விடுகிறது. இனி அவனால் தலையை ஆட்டலாம், பேசலாம், அவ்வளவுதான். மாதக் கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து யோசித்து, ஒரு முடிவுக்கு வருகிறான். தன்னை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்கிறான். ஆஸ்பத்திரியின் பராமரிப்பு நின்றால் சில நாட்களில் இறந்துபோவான் என்பது அவனுக்கும் தெரியும், டாக்டர்களுக்கும் தெரியும். அவன் கேட்பதும் அதைத்தான்.

பெரிய டாக்டர் எமர்ஸன் மறுக்கிறார். உயிரைக் காப்பாற்றுவதே தம் தொழில் என்று நம்புகிற மனிதர் அவர். வேண்டாம் என்று நோயாளி சொன்ன மருந்தை ஊசியில் ஏற்றி அவன் கையில் குத்துகிறார். அந்தக் கை வலியை உணராது, விலகிக்கொள்ளவும் முடியாது. நாடகம் முழுவதிலும் என்னை மிகவும் கலங்க வைத்த இடம் அதுதான். அங்கே ரத்தமில்லை, கூச்சலில்லை, கெட்டவன் என்று யாரும் இல்லை.

இப்படிப்பட்ட கதையில் ஹாஸ்யத்துக்கு ஏது இடம் என்று வாசகர்கள் கேட்கலாம். இடம் மட்டுமா, ஆரம்பம் முதல் முடிவு வரை ஹாஸ்யம்தான். கென் வாயைத் திறந்தால் கேலி. புதிதாக வேலைக்கு வந்த சின்ன நர்ஸைக் கிண்டல் செய்கிறான். கண்டிப்பான தலைமை நர்ஸைச் சீண்டுகிறான். ஆஸ்பத்திரிச் சிப்பந்தி ஜானோடு சேர்ந்துகொண்டு சாவையே பரிகாசம் பண்ணுகிறான். கை கால் ஓய்ந்தவனுக்கு நாக்கு ஒன்றுதான் மிச்சம். அதை வைத்துக்கொண்டே அவன் வார்டு முழுவதையும் ஆட்டி வைக்கிறான்.

இந்தக் கேலிப் பேச்சு வெறும் அலங்காரமல்ல என்பதைச் சட்டம் கதைக்குள் நுழையும்போதுதான் தெரிந்துகொள்கிறோம். சாக வேண்டும் என்று ஒருவன் சொன்னால், அவனுக்கு மனச்சோர்வு, புத்தி பேதலித்திருக்கிறது என்கிறார் டாக்டர். புத்தி பேதலித்தவன் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘எனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது’ என்று அவன் வாதாடினால், அந்த வாதத் திறமையே சந்தேகத்துக்கு இடமாகிறது. இந்தச் சுழலிலிருந்து எப்படி வெளியே வருவது? 1959-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தின் கீழ் இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டால் போதும், அவனை ஆஸ்பத்திரியிலேயே நிறுத்தி வைக்கலாம். எமர்ஸன் அந்தக் கையெழுத்துக்களைத் தேடிப் போகிறார். கென் ஒரு வக்கீலைக் கூப்பிடுகிறான்.

வக்கீல் போடுவது ஹேபியஸ் கார்ப்பஸ் மனு. ‘பிடித்து வைத்திருக்கும் உடலைக் கொண்டுவந்து நிறுத்து’ என்பது அந்த லத்தீன் தொடரின் தாத்பர்யம். உடல் ஒன்றுதான் தனக்கு உதவாமல் போய்விட்டது என்கிறவனுக்கு, அந்த உடலை நிறுத்தச் சொல்லி மனு! அந்த உடல் கோர்ட்டுக்கு வர இயலாதாகையால் கோர்ட்டே உடலைத் தேடி வருகிறது. வார்டுக்குள் நீதிபதி வந்து உட்காருகிறார். இரண்டு பக்கத்து வக்கீல்களும் வருகிறார்கள். கட்டிலருகே விசாரணை நடக்கிறது. மனிதனுக்குக் கௌரவம் தருவது தனக்காகத் தானே தீர்மானிக்கும் உரிமை என்பது கென்னின் வாதம். தன்னைக் கொல்லும்படி அவன் யாரையும் கேட்கவில்லை. தன் விருப்பத்துக்கு விரோதமாகத் தன்னைப் பிடித்து வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறான். நீதிபதி அவன் பக்கம் தீர்ப்பளிக்கிறார். தீர்ப்புக்குப் பிறகு எமர்ஸனே, ‘வேறெங்கும் போகவேண்டாம், இங்கேயே இரு, சிகிச்சை செய்யமாட்டோம்’ என்கிறார். கடைசி நிமிஷத்தில் அவன் மனம் மாறலாம் என்ற நம்பிக்கை அவருக்கு. தோற்றவரும் நல்லவராகவே இருக்கிறார். இந்தப் பெருந்தன்மை சாமான்ய நாடகாசிரியனுக்குக் கைவராது.

1972-இல் தொலைக்காட்சிக்காக எழுதியதை கிளார்க் பின்னால் மேடைக்கு மாற்றினார். 1978-இல் லண்டன் மெர்மெய்ட் தியேட்டரில் டாம் கான்டி கென்னாக நடித்தார். மறு வருஷம் நியூயார்க்கில் அதே வேஷத்துக்கு டோனி பரிசு பெற்றார். 1980-இல் மேரி டைலர் மூர் என்ற நடிகைக்காகக் கதாநாயகனையே பெண்ணாக மாற்றி நடத்தினார்கள். 2002-இல் கதை நிஜமாயிற்று. கழுத்துக்குக் கீழே செயலிழந்து சுவாச யந்திரத்தில் இருந்த ஒரு பெண்மணி, யந்திரத்தை நிறுத்தச் சொல்லி வழக்குத் தொடர்ந்தாள். நீதிபதி எலிஸபெத் பட்லர்-ஸ்லாஸ் அம்மையார் ஆஸ்பத்திரிக்கே போய் அவளை விசாரித்து, தீர்மானிக்கும் திறன் அவளுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். ஒரு நாடகாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இத்தனை புகழ்ந்த பிறகு என் சந்தேகத்துக்கு வருகிறேன்.

அந்தக் கட்டிலருகே யார் யார் சாட்சி சொன்னார்கள்? டாக்டர்கள் சொன்னார்கள். கென் சொன்னான். அவனைப் போலக் கழுத்துக்குக் கீழே செயலற்று, ஆனால் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு வீட்டில் வாழ்கிற மனிதர் ஒருவராவது வந்தாரா? வரவில்லை. நாடகம் முழுவதிலும் அப்படி ஒருவர் தலைகாட்டவே இல்லை. இனி எப்படி வாழலாம் என்ற பேச்சை எடுப்பவள் மிஸஸ் பாயில் என்ற சமூக சேவகி. படிக்க யந்திரம் இருக்கிறது, எழுத யந்திரம் இருக்கிறது என்று அவள் சொல்கிறாள். கை போன சிற்பியிடம் அப்படிச் சொல்வது எவ்வளவு அசட்டுத்தனம் என்று நமக்குப் படும்படி ஆசிரியர் அந்தக் காட்சியை அமைத்திருக்கிறார். கென் அவளை வெளுத்து வாங்குகிறான். நானும் அவன் பக்கம் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது: கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டவளை அசடாக்கிவிட்டால், அந்தக் கேள்வியும் அசட்டுக் கேள்வியாகி விடுகிறதல்லவா? ஹாஸ்யத்துக்கு இப்படி ஒரு வல்லமை உண்டு. வாதத்தால் தள்ள முடியாததைச் சிரிப்பால் தள்ளிவிடலாம்.

இது ஏதோ இன்றைய புத்திசாலித்தனத்தை வைத்துக்கொண்டு பழைய நாடகத்தைக் குறை சொல்வது என்று நினைக்கவேண்டாம். தொலைக்காட்சியில் இந்தக் கதை வந்த அதே 1972-இல், இங்கிலாந்தில் பால் ஹன்ட் என்பவர் கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவரே உடல் ஊனமுற்றவர். விடுதியில் பல வருஷம் வாழ்ந்து பார்த்தவர். விடுதிகளில் அடைபட்டுக் கிடப்பவர்கள் ஒன்று சேரவேண்டும் என்றும், வெளியே சாதாரண வீடுகளில் வாழத் தங்களுக்கு வழி வேண்டும் என்றும் அவர் கேட்டார். அந்தக் கடிதத்திலிருந்து ஒரு சங்கமே பிறந்தது. கென் வெளியே போகும் உரிமை கேட்டது சாவதற்காக. ஹன்ட் கேட்டது வாழ்வதற்காக. முதல் கோரிக்கைக்கு மேடையும் நீதிபதியும் கரகோஷமும் கிடைத்தன. இரண்டாவது கோரிக்கையை எந்த நீதிபதியும் அந்த மேடையில் விசாரிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு மணி நேரம் கட்டிலில் அசையாமல் கிடந்த நடிகர், நாடகம் முடிந்ததும் எழுந்து வந்து வணக்கம் சொல்வார். அந்தக் கணத்தில் சபையோருக்கு வரும் நிம்மதியை என்னால் ஊகிக்க முடிகிறது. ‘அப்பாடா, இவருக்கு ஒன்றுமில்லை!’ கைதட்டலில் பாதி அந்த நிம்மதிக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய நாடகம் மார்க் மெடாஃப் என்ற அமெரிக்கர் எழுதிய ‘சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்’. 1979-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அரங்கேறி, 1980-இல் நியூயார்க்குக்கு வந்து 887 தடவை நடந்தது. பிறவியிலேயே காது கேளாத ஸாராவும், காது கேளாதவர்களுக்குப் பேச்சுக் கற்றுத்தரும் வாத்தியார் ஜேம்ஸும் காதலித்து மணந்துகொள்கிறார்கள். வாத்தியார் ஓயாமல் வேடிக்கை பேசுகிறவர். இங்கேயும் சட்டம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் காது கேளாதவர்களுக்கு வேலை தருவதில்லை என்று ஸாராவின் தோழன் ஆரின் புகார் கொடுக்கிறான். வக்கீலம்மாள் வருகிறாள். ஸாராவுக்காகப் பேசவேண்டியதை அவள் எழுதித் தருவாள். ஜேம்ஸ் அதைக் குரலில் சொல்லுவான். ஸாரா மறுக்கிறாள். பிறந்தது முதல் தனக்காக மற்றவர்கள் பேசியது போதும், இனி தன் பேச்சைத் தானே பேசுவேன், அதுவும் தன் கைகளால் பேசுவேன் என்கிறாள்.

மெடாஃப் இந்தப் பாத்திரத்தைக் கற்பனையில் ஒரு நடிகையை வைத்து எழுதவில்லை. காது கேளாத நடிகையான ஃபிலிஸ் ஃப்ரெலிக்குக்காகவே எழுதினார். காது கேளாத பாத்திரங்களில் அத்தகையவர்களே நடிக்கவேண்டும் என்று நிபந்தனையும் போட்டார். ஃப்ரெலிக்குக்கு 1980-இல் டோனி பரிசு கிடைத்தது. திரை விழுந்தபின் அவர் வணங்கியபோது, எதுவும் மாறிவிடவில்லை. கைதட்டலை அவர் கண்ணால்தான் பார்த்திருப்பார். சபையோர் நிம்மதியோடு வீட்டுக்குப் போக அங்கே வழி இல்லை.

இந்த நாடகமும் குறையற்றதல்ல. ஸாராவின் கைகள் சொல்வதையெல்லாம் ஜேம்ஸ் வாயால் திருப்பிச் சொல்லித்தான் சபையோருக்குத் தெரிகிறது. எனக்காகப் பேசாதே என்று அவள் சொல்வதைக்கூட அவன்தான் சொல்லவேண்டியிருக்கிறது! ஆனால் அந்தக் குறை ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் தாம்பத்தியம் உடைவதே அதனால்தான். தன் குறையையே கதையின் முடிச்சாக்கிக் கொண்ட நாடகம் அது. கிளார்க்கின் நாடகத்தில் குறை கதைக்கு வெளியே, யாரும் பார்க்காத இடத்தில் கிடக்கிறது.

எனக்கு இதில் இத்தனை அக்கறை ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நான் பையனாக இருந்தபோது என் பெரியப்பாவுக்குப் பாரிசவாயு வந்தது. ஏழு வருஷம் கட்டிலிலேயே இருந்தார். பார்க்க வருகிறவர்கள் அவர் தலைக்கு மேலே பெரியம்மாவிடம், “அவர் காபி சாப்பிடுவாரா?” என்று கேட்பார்கள். ஒரு நாள் குழறிய நாக்கோடு பெரியப்பாவே பதில் சொன்னார்: “சாப்பிடுவார். கேட்டால் பதிலும் சொல்லுவார்!” எல்லோரும் சிரித்தோம். கல்யாணம் கார்த்திகையில் எல்லாம் அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் மறு நாள் வந்தவரும் பெரியம்மாவிடம்தான் கேட்டார்.

“என்னை விட்டுவிடுங்களேன்” என்று பெரியப்பா சில சமயம் சொல்வார். பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து அதை மணிக்கணக்கில் ஆராய்வார்கள். விரக்தி என்பார் ஒருவர். கர்மவினை என்பார் இன்னொருவர். டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றலாம் என்பார் மூன்றாமவர். வாசல் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கவேண்டும் என்றும் அவர் எத்தனையோ தடவை சொன்னார். வாசலில் மூன்றே படி. ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அதை யாரும் ஆராயவில்லை. அந்த ஏழு வருஷத்தில் எனக்கும் அது தோன்றவில்லை.

கென்னுக்கு நீதிபதி கொடுத்த தீர்ப்பு சரியான தீர்ப்பு என்றே இன்றும் நினைக்கிறேன். வேண்டாம் என்கிறவன் கையில் ஊசி குத்த யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரு மனிதனிடம், ‘உனக்குச் சாக உரிமை உண்டா?’ என்ற கேள்வியை இரண்டு மணி நேரம் விசாரித்தவர்கள், ‘உன் வாசலில் எத்தனை படி?’ என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். அதற்கு அவன் ஒரு கேலியைத்தான் பதிலாகச் சொல்லியிருப்பான். சொல்லட்டுமே. சிரித்துவிட்டு, மறுபடியும் கேட்டிருக்கலாம்.