எண்ணிடும் பொறுப்பு யாருக்கு?

ஆய்வகக் கையேடு ஒன்றைச் சொற்செயலியில் தயாரித்தேன். மொத்தம் 12 சோதனைகள். எண்களை நானே தட்டச்சு செய்தேன். பிறகு நான்காவது இடத்தில் புதிய சோதனை ஒன்று சேர்ந்தது. தலைப்பு எண்களைத் திருத்தினேன்; உள்ளே ‘சோதனை 7-ஐக் காண்க’ என்றிருந்ததை மறந்தேன். மீட்டர் சமனச்சுற்றைத் தேடிய மாணவர்கள் நிறமாலைமானிப் பக்கத்தைப் புரட்டினர். தவறு என்னுடையதே.

வரிசை எண் வெறும் எழுத்தன்று. பத்தி நிற்கும் இடத்தைக் காட்டும் அளவீடு. இடம் மாறினால் அதுவும் மாற வேண்டும். இப்பணியைச் செய்வதே பட்டியல் பாணி.

மைக்ரோசாப்ட் வேர்டில் ‘1.’ எனத் தட்டி இடைவெளி விட்டதுமே பட்டியல் தொடங்கிவிடும். வசதிதான். ஆனால் அந்த எண் அந்தப் பத்தியில் ஒட்டுமேயன்றித் தலைப்புப் பாணியில் சேராது. பலநிலைப் பட்டியலை ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ பாணிகளுடன் பிணைக்கும் வழியோ ஓர் உரையாடல் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. எளிய வழி முன்னே, சரியான வழி பின்னே! இதுவே என் குறை. லிபர் ஆபீஸ் ரைட்டர், பட்டியல் பாணிகளைத் தனி வகையாகவே காட்டுகிறது. எனினும் அங்கும் தலைப்புகளுக்கு எண்ணிட வேறு இடம் போகவேண்டும்.

இன்னொன்று: ‘காண்க’ எண்களையும் குறுக்குக் குறிப்பாகவே செருகுங்கள். வேர்டில் அவை உடனே மாறா. முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப் 9 விசையை அழுத்த வேண்டும்.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். மூன்று தலைப்புகளுக்குப் பாணி வழியே எண்ணிட்டு, நடுவில் ஒன்றைச் செருகுங்கள். எண்கள் தாமே நகர்ந்தால் உங்கள் கையேடு மாணவரை வழிதவறச் செய்யாது.