லண்டன் கையேடு, ஒரு எஸ்.ஓ.பி., ஒரு நோட்டு

போன மாதம் ஆரணிக்குப் போயிருந்தபோது எதிர்வீட்டு அண்ணன் மகன் இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். "சித்தப்பா, இங்கிலீஷ் மட்டும் சரியா இருக்கான்னு பாருங்க. நாளைக்கு அப்லோட் பண்ணணும்." இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி., டேட்டா சயின்ஸ். தாளில் இருந்தது எஸ்.ஓ.பி. 'நான் ஏன் இந்தப் படிப்பைப் படிக்க வருகிறேன்' என்று மாணவன் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் கட்டுரை. எழுதிக்கொடுத்தது வேலூரில் இருக்கும் ஒரு கன்சல்டன்சி.

இங்கிலீஷ் சரியாகத்தான் இருந்தது. ரொம்பவே சரியாக. முதல் பத்தியே ஜக்கார்டு தறி. 1804ல் பிரான்சில் ஜக்கார்டு தன் தறியில் பயன்படுத்திய துளை அட்டைகள், அதிலிருந்து பாபேஜ், அதிலிருந்து கணினி. 'என் தந்தையின் தறிதான் நான் பார்த்த முதல் கணினி' என்று முடிகிறது பத்தி. இருபது வருஷமாக சாஃப்ட்வேரில் இருக்கிறேன். இந்த உவமையை எத்தனை மேடையில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. வரலாறு தப்பில்லை. பாபேஜ் தன் இயந்திரத்துக்குத் துளை அட்டை யோசனையை ஜக்கார்டிடமிருந்துதான் எடுத்தார். ஆனால் பையனிடம் கேட்டேன்: "இப்ப தறியில இருக்கிற பார்டருக்கு எத்தனை அட்டைடா?" தெரியவில்லை. அண்ணன் உள்ளே இருந்தே எண்ணிக்கையைச் சொன்னார்.

அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. அந்தத் தாளில் அவனும் இல்லை, அவன் அப்பாவும் இல்லை. அட்மிஷன் கமிட்டி எதைப் பார்க்க ஆசைப்படும் என்று யாரோ ஊகித்தது மட்டும் இருந்தது. சேர்ந்து வைத்திருந்த 'செக்லிஸ்ட்' தாளையும் பார்த்தேன். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண், இரண்டு பரிந்துரைக் கடிதம், பாஸ்போர்ட், தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டிய பணம், காசநோய்ப் பரிசோதனைச் சான்று. ஒவ்வொன்றும் யாராவது ஒரு அதிகாரி பார்ப்பதற்கானது. போகிறவன் பார்ப்பதற்கென்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அப்போதுதான் காந்தியின் 'லண்டன் கையேடு' ஞாபகம் வந்தது. ஊருக்குத் திரும்பியதும் எடுத்து மறுபடி படித்தேன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. லண்டனில் படிப்பை முடித்துத் திரும்பியபின், தென்னாப்பிரிக்காவில் இருந்த 1893-94 வாக்கில், இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்காக காந்தி எழுதிய சிறு வழிகாட்டி. அப்போது அது அச்சேறவில்லை. பின்னாளில் அவருடைய எழுத்துகளின் முழுத் தொகுப்பில், முதல் தொகுதியில் வந்தது. யார் போகலாம், கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும், அங்கே வாழ எவ்வளவு ஆகும், பாரிஸ்டர் ஆவது எப்படி என்று போகிறது. என்னென்ன உடை வேண்டும், ஒவ்வொன்றும் என்ன விலை என்று பட்டியலே உண்டு. மையமான வாதம் ஒன்றுதான்: வாரத்துக்கு ஒரு பவுண்டில் லண்டனில் கௌரவமாக வாழ முடியும்.

மகாத்மா எழுதியதாச்சே என்று படித்தால் ஏமாற்றமாக இருக்கும். இதில் தத்துவம் தேடக்கூடாது. சட்டை, காலுறை, வாடகை, ஓட்ஸ் கஞ்சி. ஆனால் வழிகாட்டி நூல் என்ற வகையில் இதன் பலமே அதுதான் என்பேன்.

வாரம் ஒரு பவுண்டு என்பது காற்றில் வந்த எண் இல்லை. 'சத்திய சோதனை'யில் அதன் பின்கதை இருக்கிறது. லண்டன் போன புதிதில் 19 ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி, பாண்ட் தெருவில் 10 பவுண்டுக்கு மாலை நேர உடுப்பு, நடன வகுப்புக்கு 3 பவுண்டு, வயலினுக்கு 3 பவுண்டு என்று செலவழித்தவர் அவர். பிறகு விழித்துக்கொண்டு, ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி, வாரம் 8 ஷில்லிங் வாடகையில் ஓர் அறை எடுத்து, அடுப்பு வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சி, இரவில் ரொட்டியும் கோகோவும் என்று சாப்பாட்டை நாளுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் முடித்தார். நான் கூட்டிப் பார்த்தேன். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஏழு நாள் சாப்பாடு 8 ஷில்லிங் 9 பென்ஸ். வாடகையோடு 16 ஷில்லிங் 9 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஆக மூன்று ஷில்லிங் மிச்சம் வைத்துத்தான் பேசுகிறார். தன் தோல்வியிலிருந்து எடுத்த கணக்கு, ஆகவே நம்பலாம்.

அவரே எப்படிக் கிளம்பினார் என்பதோடு வைத்துப் பார்த்தால் கையேட்டின் அருமை இன்னும் புரியும். குடும்ப நண்பர் மாவ்ஜி தவே சொன்னது: மூன்று வருஷம், நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது. அவருக்கும் அது மகன் சொன்ன கணக்கு. பணத்துக்கு மனைவியின் நகைகளை விற்கலாம், இரண்டாயிரம் மூவாயிரம் தேறும் என்பது காந்தியின் யோசனை. எப்படியாவது புரட்டித் தருகிறேன் என்றார் அண்ணன். சாதிக்காரர்கள் கூடித் தள்ளிவைத்தார்கள். வழியனுப்பத் துறைமுகம் போகிறவர்களுக்கு ஒரு ரூபாய் நாலணா அபராதம். 1888 செப்டம்பர் 4 கப்பல் ஏறினார். கப்பலில் கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கக் கூச்சம். கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே சாப்பிட்டு நாளைத் தள்ளினார். செப்டம்பர் கடைசியில் வெள்ளை ஃபிளானல் உடையில் இறங்கினால், அங்கே அந்த உடையில் இருந்தது அவர் ஒருவர்தான். இவ்வளவையும் பட்டவர், அடுத்தவன் படக்கூடாது என்று உட்கார்ந்து விலைப்பட்டியல் எழுதினார். யாரும் அவருக்குக் கமிஷன் கொடுக்கவில்லை.

இன்றைய நிலைமை அப்படியா? கன்சல்டன்சியில் 'எங்கள் சேவை முற்றிலும் இலவசம்' என்கிறார்கள். மாணவனுக்கு இலவசம்தான். பையன் சேர்ந்தால், கட்டணத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகம் ஏஜெண்டுக்குத் தரும். இதில் ரகசியமோ சட்டவிரோதமோ எதுவும் இல்லை. ஆனால் 'நீ போகாமல் இருப்பதே நல்லது' என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் சொல்ல முடியாது. காந்தியின் கையேடோ 'யார் போகலாம்' என்ற கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

"அது போன நூற்றாண்டுக்கும் முந்தின கதை, பணம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லலாம். அதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. 1914ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கிளம்பியபோது சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. பயணத்துக்கும் உடைக்கும் தனியாக 100 பவுண்டு. காந்தியின் வாரம் ஒரு பவுண்டோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. தயாரிப்பும் பலமாக நடந்தது. குடுமியை எடுத்தார்கள். கோட்டு, காலர், ஷூ வாங்கிக் கொடுத்தார்கள். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் பழக்கினார்கள். மார்ச் 17 கப்பல் ஏறினார்.

கேம்பிரிட்ஜில் அப்போது படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் (பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர்) பிற்காலத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறார். குளிரில் ராமானுஜன் ராத்திரி தூங்க முடியாமல் தவித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மேலே சால்வை சுற்றிப் படுத்திருக்கிறார். மகலனோபிஸ் போய்ப் பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் இருக்கின்றன, ஆனால் மெத்தையோடு இழுத்துச் செருகி, மேலே விரிப்பு போட்டு மூடியிருக்கிறது. அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியாது. பிரித்துக் காட்டினார்.

இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். முள்கரண்டி சொல்லிக்கொடுத்தவர்களுக்குக் கம்பளி ஏன் தோன்றவில்லை? முள்கரண்டி நாலு பேர் பார்க்கும் மேஜைக்கானது. கம்பளி யாரும் பார்க்காத ராத்திரிக்கானது. அவர் இங்கிலாந்து போனதால்தான் இறந்தார் என்று நான் சொல்லவரவில்லை. 1994ல் டி.ஏ.பி. யங் என்ற மருத்துவர் நோய்க்குறிப்புகளை மறுபடி ஆராய்ந்து, அது காசநோய் இல்லை, இந்தியாவிலேயே தொற்றிய அமீபாவால் வந்த ஈரல் நோயாக இருக்கலாம் என்று வாதிட்டார். நான் சொல்வது சின்ன விஷயம். எல்லோரும் நல்ல மனசோடு செய்த தயாரிப்பிலேயே இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது. பார்க்கப்போகிறவர்களின் கண்ணை வைத்துத் தயாரித்தால் இதுதான் ஆகும்.

காந்தியின் கையேட்டிலும் ஓட்டை உண்டு. அது லண்டனைச் சொல்கிறது. திரும்பி வந்தபின் நடப்பதற்கு 'சத்திய சோதனை'க்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 1891ல் பாரிஸ்டராகத் திரும்பியவர் பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கில் எழுந்து நின்று, வாய் வராமல் உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அவர்மேல் மலையளவு நம்பிக்கை வைத்துச் செலவழித்தவர் அந்த அண்ணன். இதெல்லாம் நடந்து இரண்டு மூன்று வருஷத்துக்குள் எழுதிய கையேடு அது. போகும் கணக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவருக்குத் திரும்பி வரும் கணக்கு கையில் காயமாகவே இருந்திருக்கும். அதற்கு ஓர் அத்தியாயம் எழுதியிருந்தால், இன்றைக்கும் ஆரணியில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கத் தகுந்த நூலாக இருந்திருக்கும்.

ஏனென்றால் எதிர்வீட்டில் தேவைப்பட்டது அந்த அத்தியாயம்தான். கல்விக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக அடமானம் கேட்பார்கள். அண்ணன் கூலித்தறி. வீட்டுப் பத்திரம் ஒன்றுதான் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, முடிச்சப்புறம் மாசம் எவ்ளோ கட்டணும்?" செக்லிஸ்டில் அதற்குப் பதில் இல்லை. லேப்டாப்பைத் திறந்து அங்கேயே போட்டேன். 30 லட்சம், 11 சதவீத வட்டி, படிப்பு ஒரு வருஷம், அதன்பின் அவகாசம் ஒரு வருஷம், அந்த இரண்டு வருஷ வட்டியும் அசலோடு சேரும், பிறகு பத்து வருஷத் தவணை. மாதம் சுமார் 50,000 ரூபாய். படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை பார்க்கக் கொடுப்பது இதுவரை இரண்டு வருஷம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். கடன் பத்து வருஷம், அனுமதி ஒன்றரை வருஷம்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பாவு ஏத்துறதுக்கு முன்னாடியே எத்தனை சேலை, எவ்ளோ ஜரிகைன்னு எனக்குத் தெரியும். இத மட்டும் யாரும் சொல்லவே இல்ல."

பையன் முகம் சுருங்கிவிட்டது. நான் அவனைப் போகாதே என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. நானும் கம்பெனி அனுப்பி வெளிநாட்டில் இருந்து வந்தவன்தான். எஸ்.ஓ.பி.யை மட்டும் நீயே எழுது என்றேன். "என்ன எழுதறது சித்தப்பா?" என்றான். பேசப் பேச ஒன்று வெளியே வந்தது. பிளஸ் ஒன் படிக்கும்போது அப்பாவின் நோட்டை எக்செல்லில் ஏற்றியிருக்கிறான். முதலாளியிடம் எடை போட்டு வாங்கிய பட்டு, ஜரிகை, திருப்பிக் கொடுத்த சேலையின் எடை, கழிவு. எட்டு மாதக் கணக்கைப் போட்டதும், ஒவ்வொரு முறையும் எடையில் கொஞ்சம் அப்பா பக்கம் குறைவது தெரிந்திருக்கிறது. அதைக் காட்டி அண்ணன் கேட்டு, கணக்கு நேராகியிருக்கிறது.

டேட்டா சயின்ஸ் என்றால் இதுதானே! ஜக்கார்டும் பாபேஜும் எதற்கு? "இதெல்லாம் எழுதலாமா?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் இந்த மொத்தத் தொழிலின் மேலும் எனக்குள்ள விமர்சனம்.

அவன் மறுநாள் அப்லோட் பண்ணவில்லை. புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறான். கூடவே ஒரு எக்செல் ஷீட்: வாடகை, சாப்பாடு, பஸ், வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை கிடைத்தால் எவ்வளவு, கிடைக்காவிட்டால் எவ்வளவு, வேலை இல்லாமல் திரும்பி வந்தால் ஆரணியிலிருந்து மாதம் 50,000 எப்படி. கடைசி வரிசை இன்னும் காலியாக இருக்கிறது. அது நிரம்பட்டும், பிறகு பத்திரத்தை எடுக்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.