யாருக்கு யார் மாப்ள? பள்ளிக்கூடப் படங்களும் பையன்களின் செட்டுகளும்

பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை ஒரு பொய்யை மிக அழகாகச் சொல்கின்றன. பையன்கள் செட்டு சேர்வது குணத்தால் என்பதே அந்தப் பொய். ஒருத்தன் முரடன், ஒருத்தன் படிப்பாளி, ஒருத்தன் கோமாளி. முரடனும் படிப்பாளியும் மோதுவார்கள். வாத்தியாரோ அம்மாவோ குறுக்கே வந்து சேர்த்து வைப்பார்கள். கட்டிப்பிடித்ததும் படம் முடிந்துவிடும். இவற்றை யதார்த்தம் என்று கொண்டாடும்போது அது யாருடைய யதார்த்தம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

'செட்டு' என்கிற சொல்லிலிருந்தே தொடங்கலாம். திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் தாடிக்கொம்பு. இந்தப் பக்கத்துப் பள்ளிப் பையன்கள் குழு, கும்பல் என்றெல்லாம் சொல்வதில்லை. 'எங்க செட்டு', 'அவிங்க செட்டு', அவ்வளவுதான். செட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. மாப்ள, மச்சான், பங்காளி. பட்டணத்துக் கல்லூரிகளில் 'மச்சான்' யாரையும் குறிக்காத வெறும் விளியாகத் தேய்ந்துவிட்டது. ஊரில் அப்படியில்லை. மாப்ள என்றால் உன் வீடும் என் வீடும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம் என்று அர்த்தம். பங்காளி என்றால் ஒரே வகையறா. இந்த இரண்டிலும் சேராதவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் வெறும் 'டேய்'. ஒரே பெஞ்சில் ஐந்து வருஷம் உட்கார்ந்தாலும் சிலர் சிலருக்கு மாப்ளையாக ஆவதேயில்லை. வாய் தவறி ஒருத்தன் கூப்பிட்டுவிட்டால் 'யாருக்கு யாருடா மச்சான்?' என்று கேள்வி வரும். நான் படித்த பள்ளியில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். செட்டின் எல்லைக்கோடு அதில்தான் கிடக்கிறது. வகுப்பறைக்கு வருமுன்பே தெருவில் போடப்பட்ட கோடு அது.

இந்தக் காதோடு பாண்டிராஜின் 'பசங்க' (2009) படத்தை மறுபடி பார்க்கலாம். நல்ல படம்தான், சந்தேகமில்லை. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளி; ஜீவாவின் செட்டுக்கும் அன்புக்கரசுக்கும் நடக்கிற பகை; குழந்தைகள் பெரியவர்களின் வசனத்தை ஒப்பிக்காமல் குழந்தைகளாகவே பேசுகிறார்கள். ஆனால் பகை எந்தத் தளத்தில் அனுமதிக்கப்படுகிறது என்று பாருங்கள். இரண்டு பையன்களின் வீடுகளும் ஒரே தெருவில். ஒருத்தன் வாத்தியார் மகன். இவன் அக்காவுக்கும் அவன் சித்தப்பாவுக்கும் காதல். அதற்காக யாரும் அரிவாளைத் தேடவில்லை. அதாவது பெண் கொடுத்து வாங்கக்கூடிய இரண்டு குடும்பங்களுக்கு நடுவேதான் இந்தச் சண்டை. இந்தப் பையன்கள் என்றைக்காவது ஒருவரையொருவர் மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்ள முடியும். அந்த உத்தரவாதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் பிரதி அவர்களை மோதவிடுகிறது. ஒரே தெருவில் வீடு கிடைக்காத பையன் கதைக்குள் நுழைவதற்கே வழியில்லை.

செட்டையே பொருளாக வைத்து ஒரு தனி வகைமையை வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள் என்பதால் அவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜான் ஹ்யூஸின் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985) படத்தில் வெவ்வேறு செட்டுகளைச் சேர்ந்த ஐந்து மாணவர்கள், தண்டனையாக ஒரு சனிக்கிழமை முழுக்கப் பள்ளி நூலகத்தில் அடைபடுகிறார்கள். சாயங்காலத்துக்குள் மனம் விட்டுப் பேசி நெருங்கியும் விடுகிறார்கள். அப்போது ஒருவன் கேட்கிறான், திங்கட்கிழமையும் நாம் நண்பர்களாக இருப்போமா என்று. பணக்காரப் பெண் பூசி மெழுகாமல் பதில் சொல்கிறாள்: இருக்க மாட்டோம். அந்த வகைமை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட உண்மையான வார்த்தை இதுதான் என்பேன். ஆனால் படம் திங்கட்கிழமை வரை போகவில்லை, சனிக்கிழமையோடு முடிந்துவிடுகிறது. ஐந்து பேரும் வெள்ளையர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். டெட்ராய்ட் புறநகர்ப் பள்ளி ஒன்றில் ஆய்வு செய்த பெனலோப் எக்கர்ட் 1989இல் வெளியிட்ட நூல், பள்ளியில் எதிரெதிராக நிற்கும் செட்டுகளுக்குப் பின்னால் நடுத்தர வர்க்கமும் உழைக்கும் வர்க்கமும் நிற்பதைக் காட்டியது. அங்கேயும் செட்டு குணத்தால் ஆனதில்லை.

நம் ஊர்த் திங்கட்கிழமை எப்படியிருக்கும்? தென்மாவட்டப் பள்ளிகளில் எந்தச் செட்டு என்பதை மணிக்கட்டுக் கயிற்றின் நிறம் சொல்லிவிடும். இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித்துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு பின்வாங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனை, அவனோடு பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பள்ளியில் தொடங்கியது பள்ளியில் முடியவில்லை; வீட்டு வாசல் வரை வந்தது. நம் படங்களின் கேமராவோ கடைசி மணி அடித்ததும் கேட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், சாதி நிறம் பூசிய சைக்கிள் எல்லாவற்றையும் தடுக்கச் சொன்னது. மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்கச் சொன்னது. திண்டுக்கல், மதுரை, தேனி மாவட்டங்களில் தனியாக நடந்துவரும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித்துறையின் கீழ்க் கொண்டுவரச் சொன்னது. ஒரு பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவர்களை அங்கேயே தலைமையாசிரியராகப் போடக் கூடாது என்றும் சொன்னது. கடைசிப் பரிந்துரையை 'சாட்டை' (2012) போன்ற படங்களோடு வைத்துப் படியுங்கள். அங்கே ஒரு நல்ல வாத்தியார் வந்தால் பள்ளிக்கூடம் திருந்திவிடுகிறது. வாத்தியாரும் ஒரு செட்டுக்காரராக இருக்கலாம் என்கிறது அறிக்கை. தணிக்கையோ வெட்கமோ இல்லாத அரசுத் தாளுக்குத் தெரிந்த விஷயம் கலைக்குத் தெரியாமல் போச்சு.

விதிவிலக்குகள் உண்டு. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) சட்டக் கல்லூரிப் படம் என்றாலும் இங்கே வைத்துப் பேச வேண்டியது. வகுப்பறைக்குள் ஜோ பரியனுக்குத் தோழி; அவள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனதும் அடி விழுகிறது. படம் கேட்டைத் தாண்டிப் போகிறது, கடைசியில் கட்டிப்பிடிக்கவும் மறுக்கிறது. அவருடைய 'வாழை' (2024) இன்னும் நேரடியானது. அதில் பையன்களுக்குள் இருக்கும் கட்சி ரஜினி, கமல் கட்சிதான். அமெரிக்கப் பையன் சனிக்கிழமை நூலகத்தில் அடைபடுவது தண்டனை. இந்தப் பையனோ விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும், பள்ளிக்கூடம்தான் அவனுக்குத் தப்பிக்கும் இடம். ஒரே 'மாணவப் பருவம்' என்று பேசுகிற எல்லாச் சொல்லாடல்களையும் இந்த ஒரு வித்தியாசம் கலைத்துப் போடுகிறது.

சினிமா என்ன அரசு அறிக்கையா, எல்லாவற்றையும் சொல்ல, என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் சினிமா பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கவில்லையே! பையன்களின் செல்போனில், ஊர்த் திருவிழா மைக்கில், 'தேவர் மகன்' (1992) காலத்திலிருந்து சாதிப் பெருமையின் குரலாக அது ஒலித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் படம் தனக்குள் ஏற்படுத்திய தொந்தரவிலிருந்தே 'மாமன்னன்' பிறந்ததாக மாரி செல்வராஜ் 2023இல் கமல்ஹாசன் முன்னிலையில் மேடையிலேயே சொன்னார். ஆக, பள்ளிக்கூடத்தைக் காட்டும் படங்களில் சாதி இல்லை. பள்ளிக்கூடத்துக்குள் புழங்கும் படங்களில் இருக்கிறது. முன்னதன் மௌனமும் பின்னதன் கூச்சலும் ஒரே தொழிலின் இரண்டு சரக்குகள்.

சாதிப் பெயரை வசனத்தில் சொல்லிவிட்டால் நேர்மை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மணி அடித்த பிறகு யார் யாரோடு நடந்து போகிறான், யார் வீட்டில் யார் எதுவரை உள்ளே போகலாம், செட்டுகள் மோதுவதற்குக் காரணமாக மட்டுமே வந்துபோகும் பொம்பளைப் பிள்ளைகளுக்கென்று என்ன செட்டு இருக்கிறது: இவற்றைக் காட்டினாலே போதும். அகர வரிசைப்படி இரண்டு பையன்களை ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறது ஓர் உத்தரவு. ஒருத்தன் ஊருக்குள்ளிருந்து வருகிறான், மற்றவன் காலனியிலிருந்து. சிலேட்டும் சோறும் பகிர்ந்தாகிவிட்டது. இனி ஒருத்தன் மற்றவனை என்ன சொல்லிக் கூப்பிடுவான்? அந்த வார்த்தை திங்கட்கிழமை தெருவிலும் செல்லுமா? இதைக் கேட்கும் பள்ளிக்கூடப் படத்தை யாராவது எடுக்கட்டும். யதார்த்தம் என்று பிறகு பாராட்டலாம்.