பெற்றோர் கையொப்பமும் குழந்தையின் உடலும்

குழந்தை பிறந்ததும் உறவினர் கேட்கும் முதற்கேள்வி, "ஆணா, பெண்ணா?" என்பதே. தருமபுரி மாவட்டத்தில் ஒரு காலத்தில் சில குழந்தைகளின் உயிரே இக்கேள்வியின் விடையில் தொங்கியது. சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கு வந்ததும் அதனால்தான். ஆனால் சில குழந்தைகளின் உறுப்பமைப்பைக் கொண்டு இவ்விரண்டில் ஒரு விடையைக் கூற இயலாது. இவர்களை ஊடுபால் குழந்தைகள் என்கிறோம். இவர்களை அறுவை செய்து ஒரு பாலாக 'ஆக்கிவிட' பெற்றோர் ஒப்புதல் போதுமா?

போதாது என்றது 2019 ஏப்ரல் 22 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பு. வழக்கென்னவோ தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்வது பற்றியது. அதைத் தீர்த்த கையோடு, பெற்றோரின் ஒப்புதல் குழந்தையின் ஒப்புதலாகாது என்று கூறி, சிசுக்களுக்கு இத்தகைய அறுவை கூடாதென்றும் அவர் ஆணையிட்டார். துணிவான தீர்ப்பு. 1956ஆம் ஆண்டு இந்துக் காப்பாளர் சட்டப்படி, சிறுவனின் நிலத்தை விற்கத் தந்தையும் நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். உறுப்பை வெட்டவோ ஒரு கையொப்பம் போதுமாயிருந்தது!

குறை ஒன்று உண்டு. திருநங்கையர் வழக்கோடு சேர்ந்து வந்ததால், படிப்போர் இரண்டையும் ஒன்றெனக் கருதக்கூடும். ஊடுபால் என்பது உடலமைப்பு. திருநங்கை, திருநம்பி என்பது ஒருவர் தம் பாலைத் தாமே உணர்வது. ஆனால் ஊடுபால் குழந்தையும் வளர்ந்த பின்னரே தன் பாலைச் சொல்ல முடியும். அதற்குள் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

2019 ஆகஸ்டில் வந்த அரசாணை, உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு அளித்தது. இந்த இடத்தில்தான் அறிவியல் வேண்டும். பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்றொரு நிலை உண்டு. கார்ட்டிசால் சுரக்கத் தேவையான நொதி குறைவதால் ஆண்மை இயக்குநீர் மிகுகிறது. எக்ஸ்-எக்ஸ் குரோமோசோம் கொண்ட குழந்தையின் உறுப்பு ஆணுறுப்பைப் போலத் தோன்றலாம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இது நேரும். ஆகவே நம் பக்கத்து மாமன்-மருமகள் மணங்களில் வாய்ப்பு கூடுதல். இதில் ஒருவகையில் உடலிலிருந்து உப்பு வெளியேறி, முதல் சில வாரங்களிலேயே வாந்தி, நீரிழப்பு கண்டு குழந்தை இறக்கவும் கூடும். ஆபத்து உண்மையே. ஆனால் மருந்து ஹார்மோனும் உப்பும், கத்தி அல்ல. சிறுநீர் வெளியேற வழியில்லாத குழந்தைக்கு அறுவை தேவைப்படலாம். அது வேறு.

'ஆபத்து' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அடக்கிவிடலாகாது. முடிவு செய்யும் குழுவில் அறுவை மருத்துவர், இயக்குநீர் வல்லுநர், அரசு அலுவலர் ஆகியோருடன், சமூகப் பணியாளர் 'அல்லது' உளவியலார் 'அல்லது' ஊடுபால் செயற்பாட்டாளர் என்று ஓரிடம். இந்த 'அல்லது' எனக்கு உறுத்துகிறது. ஊடுபாலராய் வளர்ந்த ஒருவருக்கு அதில் கட்டாய இடம் இருந்திருக்க வேண்டும். மகப்பேறு வார்டில் அஞ்சி நிற்கும் பெற்றோருக்கு, "அவசரமில்லை, மருந்து இதுதான், மீதியைக் குழந்தை வளர்ந்து சொல்லட்டும்" என்று எளிய தமிழில் அச்சிட்ட ஒரு தாளையும் அந்த ஆணையோடு இணைத்திருக்கலாம்.